என் தங்கைக்கு அடித்த சாவு மணி

புதன், காலை 7.40, திருநெல்வேலி

மும்பை ரயில் பத்து நிமிடம் பிந்தி வந்தது. முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். தாமதமாக வரும் வண்டியைப் பார்த்தால் இன்றைக்கும் கண் கடிகாரத்துக்குப் போகும், வாயில் வசவு வரும். படுக்கை வகுப்புக் கட்டணம் 740 ரூபாய். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், ஒன்றரை நாள் பயணம். சட்டைப் பையில் இன்னும் இரண்டு டிக்கெட் வைத்திருந்தேன், திங்கட்கிழமை அங்கிருந்து திரும்புவதற்கு. ஒன்று எனக்கு, ஒன்று என் தங்கை செல்விக்கு. அவளைக் கேட்டுவிட்டு எடுத்த டிக்கெட் அல்ல. கேட்டால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

செல்விக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணமாகி தாராவிக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. மைத்துனர் தவறி ஆறு வருடம். ஒரே மகன் ஜோயல், செம்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. போன மாதம் அவளுக்கு ஈரலில் கட்டி இருக்கிறது, மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளை போகிற வழியில் இருக்கிறது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் அப்பா, அம்மா, என் மனைவி மூவரும் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அதே வரிசையில் இன்னும் இரண்டு இடத்துக்குச் சபையில் அனுமதி வாங்கியிருந்தேன். குழி வெட்டி, உள்ளே செங்கல் சுவர் எழுப்பி வைத்துவிடு என்று கொத்தனார் தங்கராஜிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். செல்வியை உயிரோடு ஊருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அவள் நம் மண்ணில் கண்ணை மூட வேண்டும். அப்பா அம்மா பக்கத்தில் கிடக்க வேண்டும். இதுதான் திட்டம். ஊரில் எனக்கு முன்யோசனைக்காரன் என்று பெயர்.

வண்டி நகர்ந்ததும் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஒன்றரை நாளுக்கு பேட்டரி தாங்க வேண்டுமே. அந்தச் சிக்கனத்துக்கு நல்ல கூலி கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வியாழன், மாலை 4.15, கர்ஜத்

மலை இறங்கி முடித்திருந்தது வண்டி. எதிர் இருக்கையில் கடையநல்லூர்க்காரர் ஒருவர். குர்லாவில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு நாளாக அவருடைய சம்சா பாதியை நான் தின்றிருக்கிறேன், என்னுடைய புளிச்சோறு பாதியை அவர். என்ன விசேஷத்துக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பம்பாயில குழி சொந்தம் கெடையாது அண்ணாச்சி" என்றார். "எங்க கபர்ஸ்தான்லயும் அப்படித்தான். கொஞ்ச வருசம் போனா அதே எடத்துல இன்னொரு ஆளு. ரூம் ஷேரிங் மாதிரிதான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைத்துனருக்கு நடந்ததும் அதுதான். புதைத்துச் சில வருடத்தில் தோண்டி, எலும்பை எடுத்துச் சுவரில் ஒரு மாடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். செல்வி போனில் சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் இங்கிருந்து கத்தினேன். ஒரு மனுஷன் செத்த பிறகுமா வீடு காலி பண்ண வேண்டும்?

அம்பர்நாத் ஆலைகளில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன்கள் கல்யாணில் கும்பலாக இறங்கினார்கள். தாதரில் நான் இறங்கும்போது மணி ஆறு ஐம்பது. தாராவிக்கு டாக்சி 84 ரூபாய். நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஓட்டுநர் வழி முழுக்க ஹாரனிலேயே கை வைத்திருந்தார். என் சர்வீசில் அப்படி ஒரு ஆளோடு டூட்டி பார்த்திருந்தால் முதல் நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பேன்.

வியாழன், இரவு 7.30, தாராவி

தொண்ணூறு அடி சாலையில் இறங்கி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். செல்வி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் போனில் பேசுகிற சத்தம்.

"ஆமா, நாந்தான் பேசுதேன். செல்வியேதான்… எப்ப எடுக்காங்கன்னா கேக்கீங்க? இப்பதைக்கு எடுக்கிற மாதிரி இல்ல… ஐயோ, அழாதீங்க மதினி. நான் நல்லாத்தான் இருக்கேன். நல்லான்னா, இருக்கேன்."

என்னைப் பார்த்ததும் போனை வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். கண் மஞ்சள், வயிறு மட்டும் உப்பல். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"வாங்கண்ணே. எனக்குக் குழி வெட்டியாச்சாமே?"

நடந்தது இதுதான். புதன்கிழமை நான் அங்கிட்டு ரயில் ஏற, இங்கிட்டுத் தங்கராஜ் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறான். யாருக்குடே என்று கேட்டவர்களிடம் "பம்பாய்க்காரிக்கு" என்றிருக்கிறான். எங்கள் ஊரில் குழி வெட்டினால் கேள்வியே கிடையாது. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை ஓடிப்போய்ச் சாவு மணி அடித்துவிட்டார். விசாரிக்க எனக்குப் போன் போட்டால் அது அணைந்து கிடக்கிறது. அண்ணன்காரன் அழுதுகொண்டே ரயில் ஏறிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டி, துக்கம் கேட்கத் தாராவிக்குப் போன் போட்டிருக்கிறது. எடுத்தவள் செத்தவளே.

"இதோட பதினாலு போன்" என்றாள் செல்வி. "பெரியவிளை சித்தி நான் பேசுனதும் போனைக் கீழ போட்டுட்டா. எனக்கு ஒரு சந்தோசம் என்னன்னா, எல்லாரும் என்னை நல்லவன்னே சொன்னாங்க."

தரையில் உட்கார்ந்தேன். என் முன்யோசனையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் அந்தப் புத்தி ஐந்து நிமிடம்தான் நின்றது. சோறு தின்று முடித்ததும் டிக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மணி அடித்தது தப்பு, குழி தப்பில்லை என்றேன்.

"சனிக்கெழம என்கூட ஒரு எடத்துக்கு வாங்க. அதுக்குப் பொறவு பேசுவோம்" என்றாள்.

வெள்ளி, மாட்டுங்காவும் செம்பூரும்

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபையில் அசனம். அசனம் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு வருடத்துக்கு ஒரு பொதுப் பந்தி. சபையாரே சமைத்து, ஏழை பணக்காரன் பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் கோயிலோடு அசனத்தையும் தாராவிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இலை வாங்குகிற பொறுப்பு ஒவ்வொரு வருடமும் செல்வியுடையது. இந்த வருடம் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

மாட்டுங்கா சந்தையில் பூவும் வெற்றிலையும் காப்பிப்பொடியும் மணக்கின்றன. நூறு இலை 450 ரூபாய் என்றார் கடைக்காரர். நம் ஊர் விலையைச் சொன்னேன். "அப்போ ஊர்லயே வாங்கிண்டு வந்திருக்கலாமே சார்" என்று மரியாதையாகச் சொன்னார். நானூற்றுக்கு முடிந்தது. மூன்று கட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, குர்லாவில் வண்டி மாறி செம்பூருக்குப் போய், ஜோயலை அவன் அலுவலக வாசலில் பிடித்தேன். ஒரு வார்த்தை நீ சொன்னால் உன் அம்மா ஊருக்கு வருவாள் என்றேன்.

"அரே மாமா, நான் சொன்னா அவங்க கேப்பாங்களா?" என்று போனை நீட்டினான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவன் அம்மா சொல்லச் சொல்ல இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழைத் தட்டி வைத்திருந்தான். அவளுடைய அடக்கத்துக்கான பட்டியல். என்னென்ன பாட்டு, எத்தனை பாட்டு. நீலச் சேலை, வெள்ளை வேண்டாம். போதகர் ஐயர் பிரசங்கம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வந்தவர்களுக்கு டீயோடு பட்டர் பிஸ்கட் கொடுக்க வேண்டும். பதினோராவது: மாமா சண்டை போடுவாங்க, பதில் பேசாதே.

"நான் மொதல்ல டைப் பண்ணும்போது அழுதுட்டேன் மாமா" என்றான் ஜோயல். "அம்மா, 'ஸ்பெல்லிங் பாருல'ன்னாங்க."

சனி, காலை 10, சயான் பக்கம்

செல்வி கூட்டிப் போன இடம் கல்லறைத் தோட்டம். டாக்சியில் பதினைந்து நிமிடம். வாசலிலிருந்து உள்ளே நூறு அடி நடக்க அவளுக்கு மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கி வந்திருந்தோம். நான் முக்காலி போட, அவள் உட்கார, நான் எடுக்க, அவள் நடக்க. பக்கத்துச் சாலையில் லாரிகள் ஓயவில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பனங்காட்டுக் காற்றைத் தவிரச் சத்தமே இருக்காது.

ஒரு சிலுவையைக் காட்டினாள். "அவரு கெடந்த எடம் இதுதான். இப்ப மங்களூர்க்கார டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. ஈஸ்டருக்கு நான் அவருக்கு மெழுகுவத்தி கொண்டாருவேன். இவங்க மக இவங்களுக்குக் கொண்டாரும். ரெண்டையும் பக்கத்துல வச்சிட்டு நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுப் போவோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு உன்னையும் இப்படித் தோண்டி எறிவானுவ. பேரு கூட இருக்காது. சம்மதமா ஒனக்கு?"

"எறியட்டும்" என்றாள். "கடைசி நாள்ல என்னை எழுப்புற கர்த்தருக்கு அட்ரஸ் வேணுமா அண்ணே? ஊர்க் கல்லறையில கெடந்தா ஒரு எழுப்பு, தாராவிக்காரிக்கு வேற எழுப்பா? எனக்கு இங்கதான் புள்ள இருக்கான், சபை இருக்கு. முப்பது வருசம் இந்தச் சனத்தோட நெருக்கிப்பிடிச்சு இருந்தாச்சு. இனியும் அப்படியே கெடந்துட்டுப் போறேன்."

நான் டிக்கெட்டைப் பேசினேன், அம்மாவைப் பேசினேன், சபையில் கெஞ்சி வாங்கிய அனுமதியைப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு என்னண்ணே செய்யுது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மனைவியைப் புதைத்த நாளிலிருந்து எனக்குள் ஒரு பயம். பெட்டி மேல் மண் விழுந்த சத்தம் காதை விட்டுப் போகவில்லை. கண்ணை மூடினால் மூச்சு முட்டுகிறது. கோயிலுக்குப் போகிறேன், காணிக்கை போடுகிறேன், வாயசைக்கிறேன், பயம் அசையவில்லை. சுவர் எழுப்பி வைத்தால் மண் நேராக மேலே விழாது என்று நினைத்தேன். பக்கத்தில் தங்கை கிடந்தால் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று நினைத்தேன். உனக்காக வெட்டிய குழி இல்லை செல்வி, எனக்காக வெட்டியதுதான் என்று அந்த லாரிச் சத்தத்தில் அவளிடம் சொன்னேன். அறுபத்து மூன்று வயதில் அப்படி அழுதது வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் என்னைத் தேற்றவில்லை. "இதை என்கிட்ட சொல்லுதீங்க. அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஜெபம் பண்ணத்தான் செய்யுதேன்."

"ஜெபம் இல்ல. இப்ப என்கிட்ட கத்துனீங்களே, அது மாதிரி. எங்க வீட்டுக்காரரு தவறின வாரம் நான் கத்துனேன். அடுப்படியில நின்னு வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். நீரு ஒரு கடவுளான்னு கேட்டேன். அவரு கோவிச்சுட்டுப் போவல அண்ணே. கூடவேதான் நின்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு ஒறக்கம் வந்துச்சு."

"இப்பப் பயமே இல்லையாட்டி?"

"வரும். நேத்துக்கூட வந்துச்சு. வந்தா வரட்டும். ஒனக்கு முன்னாலயே இந்த வீட்டுல ஒருத்தர் குடியிருக்காரு, அவர்கிட்டப் பேசிக்கோன்னு சொல்லிருவேன்."

முக்காலியை எடுங்க, வெயில் ஏறுது என்றாள்.

ஞாயிறு, அசனம்

சனிக்கிழமை மாலையே பெண்கள் எல்லாரும் வெங்காயம் உரிக்கக் கூடினார்கள். செல்வியும் போய் உட்கார்ந்தாள். பார்த்ததும் நான்கைந்து பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சுற்றி நின்று ஜெபிக்கத் தொடங்கினார்கள், கண்ணீரோடு. "ஜெபம் பண்ணுங்கட்டி, வேண்டாங்கல. வெங்காயத்தை உரிச்சிக்கிட்டே பண்ணுங்க. எப்படியும் அழத்தானே போறீங்க" என்றாள். ஜெபமும் நடந்தது, இரண்டு மூட்டை வெங்காயமும் முடிந்தது.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் ஐயர். பரீட்சையில் தேறியவர், வேலை கிடைத்தவர், காய்ச்சல் விட்டவர் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிறகு ஜோயல் தோளைப் பிடித்துக்கொண்டு செல்வி எழுந்தாள். ஏதாவது அற்புதத்தைச் சொல்வாளா என்று எல்லார் முகத்திலும் ஒரு எதிர்பார்ப்பு.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்குச் சொகம் கெடைக்கல" என்றாள். "கேட்டேன், கெடைக்கல. கேட்டதுக்கு வெட்கமும் இல்ல. போன புதன்கெழம ஊர்ல எனக்குச் சாவு மணி அடிச்சிட்டாங்க. குழியும் வெட்டியாச்சு. ஆளுங்க அழுதும் முடிச்சிட்டாங்க. சாவு செய்ய வேண்டிய வேலையெல்லாம் ஆயிப்போச்சு, நான் இந்தா நிக்கேன். இனி அது வந்தா வாசல்ல நின்னு கூட்டிட்டுப் போறதுதான் பாக்கி. அதுக்கும் மேல அதால ஒண்ணும் செய்ய முடியாது. எனக்காக அழுறவங்க அழுங்க. பயப்படாதீங்க. பந்தியில கறி பத்தலன்னா சமையல்காரங்களைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கோயிலே சிரித்தது. ஐயர் என்ன செய்வது என்று தெரியாமல் பாட்டைத் தொடங்கினார். எல்லாரும் பாடும்போது நான் வாயசைக்கவில்லை. உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவியை ஏன் கொண்டுபோனீர், இவளை ஏன் கேட்கிறீர், நீர் எங்கேதான் இருக்கிறீர் என்று, முப்பத்திரண்டு வருடம் பயணிகளிடம் கத்தாத கத்தெல்லாம் கத்தினேன். பாட்டு முடிந்தது. கூரை இடிந்து விழவில்லை. மூச்சு மட்டும், மூன்று வருடத்துக்குப் பிறகு, அடி வயிறு வரை போய் வந்தது.

பந்தியில் செல்வி மூன்று வாய்தான் சாப்பிட்டாள். என் இலையில் இரண்டாம் தடவை கறி வைக்கச் சொல்லிக் கை காட்டினாள். நான் வைக்கச் சொல்லித் தின்றேன்.

திங்கள், மாலை, தாதர்

செல்வியின் டிக்கெட்டை ஜோயல் போனிலேயே ரத்து செய்துவிட்டான். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் எழுந்து கதவு வரைக்கும் வந்தாள். கன்னத்தைத் தொட்டேன். "அடக்கத்துக்கு வர முடியலன்னா வரவேண்டாம். அங்கெயிருந்தே ஒரு பாட்டுப் பாடிருங்க" என்றாள். அடுத்த மாதமே வருவேன், நீ உயிரோடு இருந்தாலும் வருவேன் என்றேன். சிரித்தாள். இனி அவளைப் பார்ப்பேனா என்று தெரியவில்லை. சந்து திரும்பும் வரை அழுதேன், ஆனால் அது பயத்தில் வந்த அழுகை அல்ல.

நம் ஊரில் செத்தவர்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆளுக்கு ஆறடி, சுற்றிச் சுவர், பளிங்கில் பெயர், வருடா வருடம் சுண்ணாம்பு. உயிரோடு இருப்பவன்தான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிக் கிடக்கிறான். தாராவியில் இருப்பவர்களுக்கும் இடமில்லை, செத்தவர்களுக்கும் இடமில்லை. ஆனாலும் போன நான்கு நாளில் ஒரு தடவைகூட யாரும் என்னிடம் இடம் இல்லை என்று சொல்லவில்லை.

வண்டி வர இருபது நிமிடம் இருந்தது. தங்கராஜுக்குப் போன் போட்டேன். சுவர் இரண்டடி எழும்பிவிட்டது என்றான்.

"செங்கல்லை எடுத்துட்டு மண்ணைத் தள்ளி மூடிரு."

"அக்கா குழியவா அண்ணாச்சி?"

"ரெண்டையும்."

"ஒங்களுதையுமா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா…"

"ஆகும்போது வெட்டிக்கோ. அதுவரைக்கும் அந்த எடம் சும்மா கெடக்கட்டும்."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஊர்ல எல்லாரும் என்னைத்தான் புடிச்சுக் கேக்காங்க அண்ணாச்சி. அக்கா செத்துட்டாங்களா இல்லையா, நீ எதுக்கு வெட்டுன, இப்ப எதுக்கு மூடுதன்னு. என்ன சொல்லட்டும்?"

"இன்னும் சாகலன்னு சொல்லு" என்றேன். "செத்தாலும் அதோட முடிஞ்சிராதுன்னு சொல்லு."